பாரமும் இடமும்: அடர்த்தியைக் கணிக்கப் பழகுவோம்



திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அதன் விலாப்பக்கத்தின் நடுப்பகுதியை ஒரு தரம் கவனித்துப் பாருங்கள். அங்கே ஒரு வட்டமும், அவ்வட்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு கிடைக்கோடும் தீட்டப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி, ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வேறு சில சிறு கோடுகளும் இருக்கும். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஆங்கில எழுத்து உண்டு. 'எஸ்' என்பது கோடைகாலக் கடல்நீரைக் குறிக்கும். 'டபிள்யூ' மாரிகாலக் கடல்நீரைக் குறிக்கும். 'ரி' வெப்பவலயக் கடல்நீரைக் குறிக்கும். 'எப்' நன்னீரைக் குறிக்கும். சரக்கை ஏற்ற ஏற்றக் கப்பல் தாழ்கின்றது. உரிய கோடு நீருக்குள் மறையும்படி அதற்குமேல் ஏற்றுதல் கூடாது.

இக்கோடுகள் சும்மா வரையப்பட்டவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலாபத்தை மாத்திரம் எண்ணி அளவுக்கு மீறிச் சரக்கேற்றப்பட்ட கப்பல்கள் பல மாலுமிகளோடு மூழ்கின. பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரான சாமுவேல் பிளிம்சோல் இக்கொடுமைக்கு எதிராக ஓயாது வாதாடினார். அதன் பயனாக 1876 ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. கப்பல்களில் சுமைக்கோடு இடவேண்டியதாயிற்று. பின்னர் 1930 இலும் 1966 இலும் சர்வதேச உடன்படிக்கைகள் எழுந்தன. இன்று உலகெங்கும் ஓடும் சரக்குக் கப்பல்கள் இக்கோட்டைத் தாங்கியே ஓடுகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நன்னீருக்குரிய 'எப்' கோடு, கடல்நீருக்குரிய 'எஸ்' கோட்டுக்கு மேலே இருக்கின்றது. அதாவது நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழ்ந்து நிற்க அனுமதி உண்டு. கப்பலும் அதுவே, சரக்கும் அதுவே. நீர் மாறினால் எல்லை ஏன் மாறவேண்டும்? இதற்கு விடை 'அடர்த்தி' என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது. கப்பல்துறை, சீனன்குடா, கிண்ணியா, மூதூர் ஆகிய இடங்களில் வாழ்கின்ற எங்களுக்கு இப்பாடம் புத்தகத்துக்குள் கிடக்கும் பாடமன்று. கண்ணுக்கு முன்னே நிற்கும் பாடம்.

அடர்த்தி என்றால் என்ன?

"இரும்பு பாரம், மரம் இலேசு" என்று பேச்சுவழக்கில் சொல்லுகின்றோம். ஆனால் ஓர் இரும்பு ஆணியையும் ஒரு மரக்குற்றியையும் தராசில் வைத்தால் மரக்குற்றியே பாரமாக இருக்கும். அப்படியானால் நாம் சொன்னது பொய்யா? பொய்யன்று; அரைகுறையானது. ஒரே அளவு இடத்தை அடைக்கும் இரும்பும் மரமும் எடுத்தால் இரும்பே பாரமானது என்பதுதான் முழுமையான கூற்று. பாரத்தை மட்டும் கேட்டால் போதாது, அது அடைக்கும் இடத்தையும் கேட்கவேண்டும். இந்த ஒரு வசனத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவு அதன் திணிவு. அது அடைக்கும் இடத்தின் அளவு அதன் கனவளவு. ஓர் அலகு கனவளவில் அடங்கும் திணிவே அடர்த்தி ஆகும். எனவே,

அடர்த்தி = திணிவு ÷ கனவளவு

இதனைத் திருப்பி எழுதினால் இன்னும் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்.

திணிவு = அடர்த்தி × கனவளவு
கனவளவு = திணிவு ÷ அடர்த்தி

மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் காணலாம். திணிவைக் கிராமிலும் கனவளவைக் கன சென்ரிமீற்றரிலும் எடுத்தால், அடர்த்தி 'ஒரு கன சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம்' என்று வரும். ஒரு கன சென்ரிமீற்றரும் ஒரு மில்லிலீற்றரும் ஒன்றே என்பதை மறவாதீர்கள். துறைமுகத்தில் கன மீற்றரும் தொன்னுமே பேசப்படும். அங்கும் எண் மாறுவதில்லை. நன்னீர் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம். ஒரு லீற்றருக்கு 1 கிலோகிராம். ஒரு கன மீற்றருக்கு 1 தொன், அதாவது 1,000 கிலோகிராம்.

எமக்குப் பழக்கமான சில பொருள்களின் அடர்த்தியை, ஒரு கன சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் என்ற அளவில், கீழே தருகின்றோம். திரவங்களின் எண்கள் வகைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பச் சிறிது வேறுபடும்.

பெற்றோல் – 0.74
மண்ணெண்ணெய் – 0.80
டீசல் – 0.84
தேங்காயெண்ணெய் – 0.92
பனிக்கட்டி – 0.92
நன்னீர் – 1.00
கடல்நீர் – 1.025
வெண்மணல் (குவாட்ஸ்) – 2.65
அலுமினியம் – 2.70
இரும்பு – 7.87
ஈயம் – 11.3
இரசம் – 13.6
தங்கம் – 19.3

அரை லீற்றர் கொள்ளும் ஒரு போத்தலை எண்ணிக்கொள்ளுங்கள். அதனை நீரால் நிரப்பினால் உள்ளே இருப்பது 500 கிராம். மண்ணெண்ணெயால் நிரப்பினால் 400 கிராம். தேங்காயெண்ணெயால் நிரப்பினால் 460 கிராம். போத்தல் ஒன்றே, இடமும் ஒன்றே. உள்ளே அடங்கும் திணிவு வேறு.

மாணவர் தடுமாறும் இரண்டு இடங்களை இங்கேயே தெளிவுபடுத்திவிடுவோம். ஒன்று, பொருளைக் குறைத்தால் அடர்த்தி குறையும் என்று எண்ணுதல். சவர்க்காரக் கட்டியை இரண்டாக வெட்டினால் திணிவும் பாதியாகும், கனவளவும் பாதியாகும்; அடர்த்தி மாறாது. மற்றது, தடிப்பான திரவம் அடர்த்தி கூடியது என்று எண்ணுதல். தேங்காயெண்ணெய் தண்ணீரிலும் தடிப்பாக, மெதுவாக ஓடுகின்றது. ஆயினும் தண்ணீரின் மேலேயே மிதக்கின்றது. ஓட்டத்தின் மந்தம் வேறு, அடர்த்தி வேறு.

அடர்த்தியை அளத்தல்

ஒழுங்கான உருவமுள்ள பொருளாயின் வேலை சுலபம். 10 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 4 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட மரத்துண்டு ஒன்றின் கனவளவு 10 × 5 × 4 = 200 கன சென்ரிமீற்றர். தராசில் அதன் திணிவு 130 கிராம் எனக் காட்டினால், அடர்த்தி 130 ÷ 200 = 0.65. இது நீரின் அடர்த்தியிலும் குறைவு. ஆகவே மரம் மிதக்கும். எல்லா மரமும் அப்படியல்ல. கருங்காலியின் வைரம் நீரில் அமிழும். 'மரம் மிதக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிடாமல் அடர்த்தியைக் கேட்கவேண்டியதன் காரணம் இதுவே.

கல்லைப் போல ஒழுங்கற்ற உருவமுள்ள பொருளுக்கு அளவுச்சாடி வேண்டும். சாடியில் 50 மில்லிலீற்றர் நீர் விட்டு, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்குங்கள். நீர்மட்டம் 80 இற்கு ஏறினால் கல்லின் கனவளவு 30 கன சென்ரிமீற்றர். கல் தன் கனவளவுக்குச் சமமான நீரை மேலே தள்ளிவிட்டது. கல்லின் திணிவு 81 கிராம் எனில் அடர்த்தி 81 ÷ 30 = 2.7. அளவைப் பார்க்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, நீரின் வளைந்த பரப்பின் அடிப்பகுதியை வாசிக்கவேண்டும். கல்லை இறக்கும் முன்னரே திணிவை அளந்துகொள்ளுங்கள். நனைந்த பின் அளந்தால் ஒட்டியுள்ள நீரின் பாரமும் சேர்ந்துவிடும்.

திரவத்துக்கு வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து, பின் திரவத்துடன் நிறுத்து, வித்தியாசத்தைக் காணவேண்டும். பாத்திரத்தின் பாரத்தைக் கழிக்க மறப்பதே பரீட்சையில் புள்ளி இழக்கும் பொதுவான வழி.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டில் இருக்கும் ஒரு பவுண் நகை அசல்தானா என்று அளவுச்சாடியில் பார்த்துவிடலாம் என நீங்கள் எண்ணக்கூடும். கணித்துப் பாருங்கள். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் தங்கத்தின் அடர்த்தி ஏறக்குறைய 17.7. எனவே கனவளவு 8 ÷ 17.7 = 0.45 கன சென்ரிமீற்றர். அரை மில்லிலீற்றர்கூட இல்லை. சாதாரண அளவுச்சாடியில் நாம் விடும் வாசிப்புப் பிழையே அரை மில்லிலீற்றர் வரலாம். அளக்கும் பொருளின் அளவே பிழையாகிவிட்டால் விடைக்கு மதிப்பில்லை. இந்த அளவை வைத்து எவர்மீதும் சந்தேகம் கொள்ளாதீர்கள்.

புல்மோட்டைக் கருமணல்

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கருமணல் படிந்திருக்கின்றது. இல்மனைற், றூற்றைல், சேர்க்கோன் என்னும் கனியங்கள் அதில் அடங்கியுள்ளன. இதனை அகழ்ந்து பயன்படுத்துவதற்காக 1957 ஆம் ஆண்டில் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இல்மனைற்றிலும் றூற்றைலிலும் உள்ள தைத்தேனியம், வெள்ளை வர்ணப்பூச்சு செய்வதற்கும் உலோகம் எடுப்பதற்கும் வேண்டப்படுகின்றது.

சாதாரண வெண்மணலின் அடர்த்தி 2.65. இல்மனைற்றின் அடர்த்தி ஏறக்குறைய 4.7, சேர்க்கோன் அதற்குக் கிட்ட, றூற்றைல் 4.2 அளவில். அலை கரையில் மோதித் திரும்பும்போது இலேசான வெண்மணலை இலகுவில் இழுத்துச் செல்லும். பாரமான கருமணல் பின்தங்கும். எண்ணற்ற ஆண்டுகளாகக் கடல் செய்துவந்த இவ்வேலையையே ஆலையும் செய்கின்றது. மணலை நீருடன் கலந்து ஓடவிட்டு, அடர்த்தி வேறுபாட்டால் கருமணலைப் பிரிக்கின்றனர். ஆனால் இல்மனைற்றையும் சேர்க்கோனையும் இவ்வழியில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க இயலாது. அவற்றின் அடர்த்திகள் கிட்டத்தட்ட ஒன்று. எனவே காந்தமும் மின்னும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும், சேர்க்கோனை இழுக்காது. அடர்த்தி ஒரு நல்ல சாட்சி. ஆனால் எல்லா வழக்குக்கும் அது ஒன்றே போதாது.

கோதுமை தரும் புதிர்

சீனன்குடாவிலுள்ள பிறீமா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகின்றது. கப்பலறையில் கொட்டப்பட்ட கோதுமை, கன மீற்றருக்கு ஏறக்குறைய 770 கிலோகிராம். அதாவது 0.77, நீரிலும் குறைவு. அப்படியானால் கோதுமை மணி நீரில் மிதக்கவேண்டுமே? ஒரு பிடியை நீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மணிகள் அமிழ்ந்துவிடும்.

காரணம் இதுதான். குவியலில் மணிகளுக்கு இடையே காற்று நிறைந்த வெளிகள் உள்ளன. 0.77 என்பது மணியும் காற்றும் சேர்ந்த குவியலின் அடர்த்தி. மணியின் சொந்த அடர்த்தி ஏறக்குறைய 1.35. 0.77 ஐ 1.35 ஆல் வகுத்தால் 0.57 வரும். குவியலில் நூற்றுக்கு 57 பங்கே கோதுமை. மிகுதி 43 பங்கும் வெறும் காற்று! 'கனவளவு' என்று சொல்லும்போது எதன் கனவளவு என்று கேட்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

10,000 கன மீற்றர் அறையில் கோதுமையை நிரப்பினால் 7,700 தொன். அதே அறையில் இல்மனைற் மணலை நிரப்பினால், கன மீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரைத் தொன்னாக, 25,000 தொன் வந்துவிடும். கோதுமைக் கப்பலில் இடம் முடிகின்றது; கனிய மணற் கப்பலில் இடம் மிஞ்சியிருக்கும்போதே சுமைக்கோடு நீரைத் தொட்டுவிடும். "இன்னும் இடம் இருக்கின்றதே" என்று மேலும் கொட்டுபவன் கப்பலைத் தாழ்த்திவிடுவான்.

எண்ணெய்த் தாங்கிகளும் வெயிலும்

சீனன்குடாக் காட்டிடையே பெருந்தாங்கிகள் நிற்பதை அறிவீர்கள். பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்காகக் கட்டியவற்றில் தொண்ணூற்றொன்பது தாங்கிகள் எஞ்சின. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இத்தாங்கிகளும் இலக்காயின.

10,000 கன மீற்றர் டீசல் நிறைந்த ஒரு தாங்கியை எண்ணுவோம். 15 பாகை செல்சியசில் டீசலின் அடர்த்தி 0.840 எனில், உள்ளே 8,400 தொன் இருக்கும். ஆனால் எங்கள் வெயிலில் எண்ணெயின் வெப்பநிலை 30 பாகை என்க. வெப்பத்தால் எண்ணெய் விரியும். விரிந்தால் அதே இடத்தில் குறைந்த திணிவே அடங்கும். ஒவ்வொரு பாகைக்கும் டீசலின் அடர்த்தி ஏறக்குறைய 0.0007 குறைகின்றது. 15 பாகைக்கு 0.0105. ஆகவே அடர்த்தி 0.8295, திணிவு 8,295 தொன். வித்தியாசம் 105 தொன். பத்துத் தொன் லொறி பத்துக்கு மேல் வேண்டும் அதனை ஏற்ற! எவரும் களவெடுக்கவில்லை, எங்கும் ஒழுகவில்லை. கணக்கில் வெப்பநிலையைச் சேர்க்காமையே 'இழப்பு'. அதனாலேயே எண்ணெயின் மட்டத்துடன் வெப்பநிலையையும் அடர்த்தியையும் அளந்து, 15 பாகைக்குரிய கணக்குக்கு மாற்றி எழுதுகின்றனர்.

வீட்டுக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது. அது நீரின் மேலே ஏறி, எரிந்தபடியே நீரோடு பரவும். மணலைக் கொட்டியோ, நனைத்துப் பிழிந்த தடித்த சாக்கால் மூடியோ காற்றைத் தடுக்கவேண்டும்.

மிதப்பதும் அமிழ்வதும்

நீரில் இறங்கிய எப்பொருளும் நீரைத் தள்ளி விலக்குகின்றது. விலக்கப்பட்ட நீரின் நிறைக்குச் சமமான விசையால் நீர் அப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகின்றது. இது மேலுதைப்பு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கியூஸ் நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீஸ் கண்ட உண்மை இது. மிதக்கும் பொருள் தன் முழு நிறைக்கும் சமமான நீரை விலக்கும் வரை தாழ்ந்து, அங்கே நிற்கின்றது.

இரும்பாணி அமிழ இரும்புக் கப்பல் மிதப்பதேன்? கப்பல் இரும்பு மட்டுமன்று. இரும்பும் அதற்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்தது. சரக்குடன் 20,500 தொன் கொண்ட கப்பலின் உடல் அடைக்கும் மொத்த இடம் 35,000 கன மீற்றர் எனில், அதன் சராசரி அடர்த்தி 20,500 ÷ 35,000 = 0.59. ஓட்டை விழுந்து காற்றின் இடத்தை நீர் பிடித்தால் இந்த எண் ஏறும். கடல்நீரின் 1.025 ஐத் தாண்டினால் கப்பல் கடலடிக்குப் போகும்.

வீட்டில் செய்து பார்க்க இரு பரிசோதனைகள். முதலாவது முட்டை. புதிய கோழிமுட்டையின் அடர்த்தி ஏறக்குறைய 1.08. நன்னீரிலும் அமிழும், கடல்நீரிலும் அமிழும். ஒரு லீற்றர் நீரில் 100 முதல் 150 கிராம் வரை உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, ஒரு கட்டத்தில் முட்டை மேலே வரும். வயல்வேலை தெரிந்த பெரியோரைக் கேட்டால் இதன் பயனைச் சொல்லுவர். அந்த உப்புநீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். நிறைமணி அடியில் தங்கும். மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் உள்ளதை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்க எடுப்பர்.

இரண்டாவது, நீரமானி. குளிர்பானம் அருந்தும் குழாயின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, நீரில் நிமிர்ந்து மிதக்கச் செய்யுங்கள். நன்னீரில் அது 10 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால், மண்ணெண்ணெயில் 10 ÷ 0.80 = 12.5 சென்ரிமீற்றர் அமிழும். கடல்நீரில் 10 ÷ 1.025 = 9.76 சென்ரிமீற்றரே அமிழும். அடர்த்தி கூடிய திரவத்தில் குழாய் உயரும். குறைந்த திரவத்தில் தாழும். லொறிக்காரர் பற்றரியின் அமிலத்தைச் சோதிப்பதும் இதே தத்துவத்தைக் கொண்டுதான்.

கோட்டின் இரகசியம்

இனிக் கப்பலின் கோட்டுக்கு வருவோம். 20,500 தொன் கப்பல் கடலில் விலக்கவேண்டிய நீர் 20,500 ÷ 1.025 = 20,000 கன மீற்றர். நன்னீரில் 20,500 ÷ 1.000 = 20,500 கன மீற்றர். 500 கன மீற்றர் கூடுதலாக விலக்கவேண்டும். நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு 2,500 சதுர மீற்றர் எனில், அது 500 ÷ 2,500 = 0.2 மீற்றர், அதாவது 20 சென்ரிமீற்றர், கூடுதலாகத் தாழும்.

ஆகவே 'எப்' கோடு கூடுதலாகச் சரக்கேற்றக் கொடுத்த சலுகையன்று. 'எஸ்' கோட்டிலும் 'எப்' கோட்டிலும் கப்பலின் பாரம் ஒன்றே. ஆற்றுத் துறையில் 'எப்' வரை தாழ்ந்து நிற்கும் கப்பல், கடலுக்குள் நுழைந்ததும் 'எஸ்' வரை தானாக உயர்ந்துவிடும்.

எங்கள் குடாக்களில் இது வெறும் கற்பனையன்று. மகாவலி கங்கை மூதூர்ப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கலக்கின்றது. மாரிமழை காலத்தில் ஆறு பெருகும்போது நன்னீர், அடர்த்தி குறைந்ததாகையால், கடல்நீரின் மேலே படையாகப் பரவும். கலந்த நீரின் அடர்த்தி 1.000 இற்கும் 1.025 இற்கும் இடையே எங்காவது இருக்கும். கப்பலதிகாரி வாளியில் நீரை அள்ளி நீரமானியால் பார்த்து, எத்தனை சென்ரிமீற்றர் விட்டுக்கொடுக்கலாம் என்று கணிப்பார். நீரமானி 1.015 காட்டினால், எமது கப்பலுக்கு 20 × 10 ÷ 25 = 8 சென்ரிமீற்றர். (25 என்பது கடல்நீருக்கும் நன்னீருக்கும் இடையேயுள்ள ஆயிரத்திலொரு பங்குகள், 10 என்பது கடல்நீருக்கும் அங்குள்ள நீருக்கும் இடையேயுள்ளவை.)

எங்கள் படகும் கணக்கும்

பெரிய கப்பலுக்குக் கோடு உண்டு, அதிகாரி உண்டு. களப்பைக் கடக்கும் எங்கள் சிறிய மிதவைகளுக்கோ பெரும்பாலும் கோடும் இல்லை, கணக்கும் இல்லை. 2021 நவம்பர் 23 ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகளை ஏற்றிச்சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணங்களைத் தீர்ப்பது இப்பாடத்தின் வேலையன்று. ஆனால் ஒரு மிதவை எத்தனை பேரைத் தாங்கும் என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கவேண்டும்.

கற்பனையாக ஒரு மிதவையை எடுப்போம். 200 லீற்றர் பீப்பாக்கள் நான்கு. வெறும் பீப்பா ஒன்று 18 கிலோகிராம். மேலே அடித்த பலகை 150 கிலோகிராம். மாரியில் களப்பு நீர் நன்னீருக்குக் கிட்டவே இருக்கும். ஆகவே அடர்த்தியை 1.00 என்றே கொள்வோம். பாதுகாப்புக் கணக்கில் எமக்குச் சாதகமான எண்ணை எடுக்கக்கூடாது.

பீப்பாக்கள் முழுவதும் அமிழ்ந்தால் விலக்கும் நீர் 4 × 200 = 800 கிலோகிராம். மிதவையின் சொந்தப் பாரம் 4 × 18 + 150 = 222 கிலோகிராம். மிகுதி 578 கிலோகிராம். ஒருவருக்கு 60 கிலோகிராம் வீதம் ஒன்பது பேர் ஏறலாம் என்று தோன்றும். ஆனால் அப்போது பீப்பாக்கள் கிட்டத்தட்ட முற்றாக நீருக்குள். சிற்றலை ஒன்று வந்தாலும் போதும். பீப்பாவின் பாதியாவது நீருக்கு மேலே நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கும் நீர் 400, மிதவையின் பாரம் 222, மிகுதி 178. மூன்று பேருக்கு 180 வேண்டும். ஆகவே இருவர்தான்! ஒன்பதும் இரண்டும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இன்னுமொன்று. மிதவை தாங்குமா என்பதற்கே இக்கணக்கு விடை தரும். நிமிர்ந்து நிற்குமா என்பதற்குத் தராது. எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றால், தாங்கக்கூடிய பாரத்திலும் மிதவை கவிழும். பீப்பா ஒழுகினால் காற்றின் இடத்தை நீர் பிடிக்கும். கணக்கின் முதல் எண்ணே பொய்யாகிவிடும். ஆகவே பரந்து இருத்தல், பீப்பாவைச் சோதித்தல், உயிர்காப்பு அங்கி அணிதல் ஆகியவை கணக்குக்கு மேலதிகமாக வேண்டியவை.

பயிற்சி

1. கல் ஒன்றின் திணிவு 135 கிராம். அளவுச்சாடியில் இட்டபோது நீர் 60 இலிருந்து 110 மில்லிலீற்றருக்கு ஏறியது. அடர்த்தி யாது?
2. 20 லீற்றர் மண்ணெண்ணெயின் திணிவு யாது?
3. 690 கிராம் தேங்காயெண்ணெய் கொள்வதற்கு எத்தனை மில்லிலீற்றர் போத்தல் வேண்டும்?
4. வலையும் ஆட்களும் சேர்ந்து 2,050 கிலோகிராம் உள்ள தோணி கடலில் எவ்வளவு நீரை விலக்கும்? ஆற்றில் எவ்வளவு?
5. மேலே கண்ட 200 கன சென்ரிமீற்றர் மரத்துண்டு நன்னீரில் மிதக்கும்போது எவ்வளவு நீருக்குள் இருக்கும்?
6. குவளை நிறைந்த நன்னீரில் பனிக்கட்டி மிதக்கின்றது. அது உருகினால் நீர் வழியுமா?

விடைகள்

1. 135 ÷ 50 = 2.7.
2. 20 × 0.80 = 16 கிலோகிராம்.
3. 690 ÷ 0.92 = 750 மில்லிலீற்றர்.
4. கடலில் 2 கன மீற்றர், ஆற்றில் 2.05 கன மீற்றர்.
5. 130 கன சென்ரிமீற்றர்.
6. வழியாது. பனிக்கட்டி தன் நிறைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கியுள்ளது. உருகியதும் அதே இடத்தையே நிரப்பும்.

விடைகளை மூடிவைத்துக் கணக்குகளைச் செய்யுங்கள். பின்னர் வீட்டிலோ ஊரிலோ பயன்படுத்தும் தோணி அல்லது மிதவை ஒன்றின் அளவுகளை எடுத்து, அது எத்தனை பேரைத் தாங்கும் என்று பெரியோருடன் சேர்ந்து கணித்து, தண்ணீரில் தாழக்கூடிய எல்லையைச் சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடாக இட்டுவையுங்கள். பிளிம்சோல் வேண்டிநின்றதும் அந்த ஒரு கோட்டைத்தான்.